கந்தையிற் பிறந்த கட்டச் சித்திரம்

பழந்துணி என்றதும் நம் மனத்தில் தோன்றுவது கரித்துணியும் மிதியடியுமே. பாத்திரக்காரரிடம் ஒரு மூட்டை பழந்துணியைக் கொடுத்து ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டால், அத்துணியின் கதை முடிந்தது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் கிழிந்த துணியை நறுக்கி, அடுக்கி, தைத்து, அதிலிருந்து புதியதோர் அழகை உண்டாக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அவ்வழக்கத்தின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

இக்காலத்தில் அவ்வழக்கம் ஒரு புதிய வடிவம் கொண்டிருக்கிறது. பலவண்ணத் துணித் துண்டுகளை ஒரே அளவுள்ள சிறு சதுரங்களாக நறுக்குகின்றனர். கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல அவற்றை வரிசை வரிசையாக அடுக்கி, ஒன்றோடொன்று இணைத்துத் தைத்துப் போர்வையாக்குகின்றனர். அருகில் நின்று பார்த்தால் அங்கே இருப்பவை வெறுங் கட்டங்களே. பத்தடி விலகி நின்று பார்த்தால் அக்கட்டங்களுக்குள்ளிருந்து ஒரு பறவையோ, ஒரு மலரோ, ஒரு மனித முகமோ எழுந்து வரும். கணினித் திரையில் காணும் உருவங்களும் இவ்வாறே எண்ணற்ற சிறு புள்ளிகளால் ஆனவை. ஆதலின் இதனைப் படப்புள்ளிப் போர்வை என்று கூறுவோரும் உளர். நாம் இங்கே கட்டச் சித்திரப் போர்வை என்றே வழங்குவோம்.

இப்போர்வையிலுள்ள ஒவ்வொரு சதுரத்துக்கும் இரண்டு கடமைகள் உண்டு. அது முன்பு யாரோ ஒருவருடைய சேலையாகவோ சட்டையாகவோ இருந்தது; அந்தப் பழமையின் நினைவைத் தாங்குவது ஒரு கடமை. முழுச் சித்திரத்துக்கு வேண்டிய ஒரு நிறமாக நின்று, தன்னை மறைத்துக்கொள்வது மற்றொரு கடமை. இவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பவை. துணியை ஒட்டித் தைத்த மக்கள் அந்தந்தக் காலத்தில் எந்தக் கடமையைப் பெரிதென மதித்தனர் என்பதே இக்கலையின் வரலாறு எனலாம்.

மிகப் பழைய சான்று ஒன்று நம் நாட்டிலேயே கிடைக்கிறது. பௌத்தத் துறவியரின் ஒழுக்க நூலாகிய விநய பிடகத்தில் மகாவக்கம் என்னும் பகுதி உண்டு. புத்தர் பெருமான் தக்கிணகிரி என்னும் பகுதியை நோக்கிச் சென்றபோது மகத நாட்டு வயல்களைக் கண்டார் என்று அது கூறுகிறது. வரப்புகளால் வகுக்கப்பட்டு, நீண்ட பாத்திகளும் குறுகிய பாத்திகளுமாக அமைந்திருந்த அவ்வயல்களைச் சுட்டிக்காட்டி, "இவ்வமைப்பில் துறவியர்க்குச் சீவரம் செய்ய இயலுமா?" என்று ஆனந்தரிடம் அவர் வினவினாராம். ஆனந்தரும் துணியைத் துண்டு துண்டாக வெட்டி, வயலும் வரப்பும் போலத் தைத்துக் காட்டினார். புத்தர் அவருடைய அறிவுக் கூர்மையைப் பாராட்டினார். துணியைக் கட்டங்களாக வகுத்துத் திட்டமிட்டுத் தைத்தது பற்றி நமக்குக் கிடைக்கும் பழங் குறிப்புகளில் இது சிறந்த ஒன்று.

அங்கே துணியை வெட்டியதற்கு ஒரு காரணமும் கூறப்படுகிறது. வெட்டிய துணிக்கு விலை மதிப்புக் குறையும். கள்வர் அதனை விரும்பார். துறவிக்கும் அதன்மேல் பற்று உண்டாகாது. குப்பையிலும் சுடுகாட்டிலும் கிடந்த கந்தலை எடுத்துத் தைப்பதும் அத்துறவியரிடையே வழக்கமாக இருந்தது. வேர், பட்டை, இலை முதலியவற்றின் சாயத்தில் தோய்த்தபின் எல்லாத் துண்டும் ஒரே துவர் நிறம் பெற்றன. எந்தத் துண்டு எவருடையதாக இருந்தது என்பது தெரியாமற் போவதே அங்கே நோக்கம். துண்டின் பழமை அழிந்தது. வயலின் வடிவம் நின்றது.

அதே சமயம் நாடுகள் கடந்து பரவியபோது இந்த முறை மாறிற்று. மத்திய ஆசியப் பாலையின் விளிம்பில், சீன நாட்டின் எல்லைப்புறத்தில் துன்ஹுவாங் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள ஆயிரம் புத்தர் குகைகளில் ஒரு சிறு அறை 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடைக்கப்பட்டு, 1900-இல் மீண்டும் வெளிப்பட்டது. 1907-இல் ஆரல் ஸ்டைன் என்னும் ஆய்வாளர் அங்கிருந்து கொண்டுசென்ற பொருள்களுள் துண்டுப் பட்டுகளால் தைத்த துறவாடை ஒன்று இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 8, 9-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அவ்வாடையில் பூவேலை செய்த பட்டும், வண்ணம் தீட்டிய பட்டும், நெசவில் உருவம் அமைத்த பட்டும் அடுத்தடுத்து இடம் பெற்றுள்ளன. மகத நாட்டில் ஒரே நிறத்தில் மறைந்த துண்டுகள் இங்கே தத்தம் நிறத்தோடும் வேலைப்பாட்டோடும் விளங்குகின்றன. அடியார்கள் அளித்த பட்டின் அருமையை மறைக்கத் தைத்தவர்க்கு மனம் வரவில்லை போலும்.

கோயிலையும் மடத்தையும் விட்டு வீட்டுக்குள் வருவோம். வங்காளத்தில் பழஞ்சேலைகளையும் வேட்டிகளையும் பல அடுக்காக விரித்து, அவற்றை ஓட்டுத் தையலால் இணைத்துச் செய்யும் போர்வைக்குக் காந்தா என்று பெயர். நம் தமிழில் கிழிந்த துணியைக் குறிக்கும் கந்தை என்னும் சொல்லும், வங்காளியரின் காந்தா என்னும் சொல்லும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. நாம் அச்சொல்லால் வறுமையைக் குறிக்கிறோம். அவர்கள் அதே சொல்லால் ஒரு கலையைக் குறிக்கிறார்கள். காந்தாவுக்கு வேண்டிய வண்ண நூலையும் பெண்கள் பழஞ்சேலையின் கரையிலிருந்தே உருவி எடுத்தனர். கடையில் வாங்கியது ஊசி ஒன்றே என்று சொல்லும்படி சிக்கனம் அமைந்திருந்தது.

மகாராட்டிரத்தில் இதனைக் கோதடி என்பர். மும்பையிலும் புணேயிலும் வாழும் நம்மவர், அண்டை வீட்டு மாடியில் வெயிலில் உலரும் கோதடியைப் பலமுறை கண்டிருப்பர். சிந்து, கட்சு, இராசத்தானத்தின் மேற்குப் பகுதி ஆகிய இடங்களில் ரல்லி என்னும் போர்வை உண்டு. கலத்தல், சேர்த்தல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என்பர். சதுரமும் முக்கோணமுமாக நறுக்கிய துணிகளைக் கணக்குப் பிசகாமல் அடுக்கித் தைக்கும் முறை அங்கே வழிவழியாக வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியரும் கட்டங்களை மனத்திலேயே எண்ணி அமைப்பர்.

கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு ஆகிய ஊர்களின் காட்டுப்பகுதியில் சித்தி என்னும் மக்கள் வாழ்கின்றனர். இவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து நம் நாட்டுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள். இவர்களுடைய முன்னோர் பலர் போர்த்துக்கேயரால் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். இம்மக்களின் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். பெரிய துணியை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் துண்டுகளை ஒட்டிக்கொண்டு நடுவை நோக்கி வருவர். முடிவில் நான்கு மூலைகளிலும் சிறு துணிகளை மடித்து வைத்துத் தைப்பர். அதற்குப் பூ என்று பெயர். மூலையில் பூ இல்லாத கவந்தி ஆடையில்லாதது போலும் என்பது அவர்களுடைய எண்ணம். கந்தலால் ஆனதாயினும் ஒரு பொருளை அரைகுறையாக விடலாகாது என்னும் தன்மதிப்பு இவ்வழக்கத்தில் வெளிப்படுகிறது.

நம் நாட்டு வீடுகளில் தைத்த இப்போர்வைகளில் துண்டின் நினைவு அழிக்கப்படவில்லை. பாட்டியின் சேலை எது, தந்தையின் வேட்டி எது என்று போர்வையைத் தொட்டுச் சொல்ல முடியும். பிறந்த குழந்தையை அத்தகைய துணியில் கிடத்துவதை ஒரு வாழ்த்தாகவே பல இடங்களில் கருதினர்.

இனி, தமிழர் வாழ்ந்த கரையிலிருந்து சென்ற துணி ஒன்று மேலைநாட்டில் துண்டான வரலாற்றைக் காண்போம். சோழமண்டலக் கரையில் எழுதிய சீட்டித் துணி 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைக் கவர்ந்தது. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியைத் தோய்த்து, படிகாரத்தாலும் இரும்புக் கரைசலாலும் உருவெழுதி, சாயவேரின் சிவப்பையும் அவுரியின் நீலத்தையும் ஏற்றிச் செய்த வேலை அது. துவைக்கத் துவைக்க அதன் நிறம் பொலிந்தது. இம்முறையைக் கூர்தூ பாதிரியார் 1742-இல் இக்கரையிலிருந்து எழுதிய கடிதமொன்றில் விரிவாகக் குறித்து அனுப்பினார்.

சீட்டியின் செல்வாக்கைக் கண்டு மேலைநாட்டு நெசவாளர் கலங்கினர். பிரான்சு 1686-இல் அதற்குத் தடை விதித்து, 1759 வரை அத்தடையை வைத்திருந்தது. இங்கிலாந்து 1700-இல் இறக்குமதித் தடைச் சட்டம் இயற்றியது. 1721-இல் அச்சிட்ட பருத்தித் துணியை அணிவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1774 வரை அச்சட்டம் நீங்கவில்லை. இந்நிலையில் கைக்குக் கிடைத்த சீட்டியின் ஒரு துண்டும் வீணாகலாமா? வட இங்கிலாந்தில் லெவன்ஸ் மாளிகை என்னும் பழைய இல்லத்தில் சீட்டித் துண்டுகளால் ஆன போர்வை ஒன்று இன்றும் காக்கப்பட்டு வருகிறது. 1708-ஐ ஒட்டித் தைக்கப்பட்டது என்று வழிவழியாகக் கூறப்படும் அப்போர்வை, இங்கிலாந்தின் பழைய துண்டுப் போர்வைகளுள் முதன்மையாக எண்ணப்படுவது. அங்கே துண்டு நறுக்கியவர் துணியிலிருந்த பூவும் கொடியும் கட்டத்துக்குள் பொருந்தி நிற்குமாறு பார்த்து நறுக்கினார். இந்தியக் கைவினைஞரின் சித்திரம் துண்டுபட்டும் சிதைவுறாமல் இருக்கிறது. ஆனால் அதை எழுதியவர் யார், எந்த ஊரார் என்பது எங்கும் குறிக்கப்படவில்லை.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் இவ்வழக்கம் வேறொரு காரணத்தால் வளர்ந்தது. 1930-களில் அங்கே பெரும் பொருளாதார வீழ்ச்சி நேர்ந்தது. மாவும் கால்நடைத் தீவனமும் வந்த பருத்திப் பைகளைக் குடும்பப் பெண்கள் பிரித்து உடை தைத்தனர். இதை அறிந்த வணிகர், பைகளைப் பூப்போட்ட துணியிலேயே செய்து விற்கலாயினர். உடை தைத்தபின் எஞ்சிய சிறு துண்டுகளைக்கொண்டு தைத்தவற்றுக்குத் தபால்தலைப் போர்வை என்று பெயர் வழங்கியது. ஒவ்வொரு சதுரமும் ஏறத்தாழ ஓர் அங்குலம். ஒரு போர்வைக்கு ஆயிரக்கணக்கான சதுரங்கள் தேவைப்பட்டன. நிறங்களைச் சாய்வாக வரிசைப்படுத்தி, நடுவிலிருந்து அலையலையாக விரியும் வடிவங்களை அப்பெண்கள் அமைத்தனர். ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம். கட்டங்களின் தொகுதிக்கு ஓர் உருவம். இன்றைய கட்டச் சித்திரப் போர்வையின் இலக்கணம் இங்கே முழுமையாக அமைந்துவிட்டது.

கணினி இந்த இலக்கணத்தைத் தனி வழியில் வந்து அடைந்தது. 1957-இல் அமெரிக்க அரசின் அளவீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய ரசல் கிர்ஷ், தம்முடைய மூன்று மாதக் குழந்தையின் நிழற்படத்தைக் கணினிக்குள் செலுத்தினார். பக்கத்துக்கு 176 கட்டங்களாக, மொத்தம் 30,976 கட்டங்களாக அப்படம் பகுக்கப்பட்டது. அக்கட்டத்தைக் குறிக்கும் பிக்சல் என்னும் சொல் 1965-இல் அச்சில் வந்தது. 1973-இல் லியோன் ஹார்மன் என்னும் ஆய்வாளர், ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு பெருங் கட்டங்களாகச் சுருக்கி வெளியிட்டார். அருகிலிருந்து நோக்கினால் அதில் முகம் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கியோ விலகி நின்றோ நோக்கினால் லிங்கன் தெளிவாகத் தெரிந்தார். ஒரு முகத்தை அறிந்துகொள்ள நம் கண்ணுக்கு நுட்பமான கோடுகள் தேவையில்லை, ஒளியும் இருளும் உரிய இடத்தில் இருந்தால் போதும் என்பதை அப்படம் உணர்த்தியது. தையற்கலைஞர் பலர் இந்த உண்மையைத் துணியில் ஆண்டு வருகின்றனர்.

அதை ஆளும் முறையையும் சுருக்கமாகச் சொல்வோம். முதலில் ஒரு படத்தைத் தேர்ந்து அதன்மேல் கட்டம் போடவேண்டும். அகலத்தில் 24, நீளத்தில் 32 கட்டங்கள் என்று கொண்டால் மொத்தம் 768 சதுரங்கள். தைத்து முடிந்தபின் ஒவ்வொன்றும் 2 அங்குலம் இருக்கவேண்டுமானால் 2½ அங்குலமாக நறுக்கவேண்டும். நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். போர்வை 48 அங்குல அகலமும் 64 அங்குல நீளமும் உடையதாகும்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்கவேண்டும். 2½ அங்குலச் சதுரத்தின் பரப்பு 6¼ சதுர அங்குலம். வெளியே தெரிவது 4 சதுர அங்குலம். நூற்றுக்கு 36 பங்கு துணி தையலுக்குள் மறைகிறது. சித்திரம் இன்னும் நுட்பமாக வேண்டுமென்று சதுரத்தை 1 அங்குலமாகக் குறைத்தால், அதே போர்வைக்கு 3,072 சதுரங்கள் வேண்டும். துணியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு உள்ளே மறைந்துபோகும். கிர்ஷின் படத்தை 2 அங்குலச் சதுரங்களால் அப்படியே தைக்கப் புகுந்தால் போர்வையின் ஒரு பக்கம் 29 அடி 4 அங்குலம் ஆகிவிடும். ஆகவே எவ்வளவு நுட்பம் போதும் என்று முன்னரே முடிவு செய்வது அறிவுடைமை.

அடுத்தது நிறம் பிரித்தல். சிவப்பு, நீலம், பச்சை என்று பிரிப்பதைக் காட்டிலும், வெளிறியது, நடுத்தரமானது, அடர்ந்தது என்று ஒளியளவால் பிரிப்பதே முதன்மையானது. ஒளியளவு சரியாக இருப்பின் நிறம் சற்று மாறினும் உருவம் கெடாது. துணிகளை முன்னதாக நனைத்து உலர்த்தவேண்டும். சுங்குடி போன்ற சாயத்துணி நிறம் விடுகிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். பருத்தியோடு பருத்தியையே சேர்க்கவேண்டும். இழையின் போக்கை ஒட்டி நேராக நறுக்கவேண்டும். குறுக்குச் சாய்வில் நறுக்கிய துண்டு இழுபட்டுக் கட்டத்தைக் கோணலாக்கும். சதுரங்களை வரிசையாகத் தைத்து, ஒரு வரிசையின் தையல் மடிப்பை இடப்புறமும் அடுத்த வரிசையின் மடிப்பை வலப்புறமும் தேய்த்துப் படியவைத்தால், இரு வரிசைகளும் மூலைக்கு மூலை பொருந்தும். பின்னர் நடுவில் பஞ்சோ பழந்துணியோ வைத்து, அடித்துணியோடு சேர்த்து ஓட்டுத் தையல் போடுவது வழக்கம்.

இவ்வேலையில் எவர்க்கும் ஓர் ஐயம் எழும். கண்டாங்கிச் சேலையின் துண்டு ஒன்று கையில் இருக்கிறது. அதில் இரு நிறக் கட்டங்கள் உள்ளன. ஒரு நிறமே வேண்டிய இடத்தில் அதை வைக்கலாமா? வைத்தால் சித்திரம் கலங்காதா? கடையில் ஒற்றை நிறத் துணியை வாங்கி நறுக்கினால் சித்திரம் மிகத் தெளிவாக அமையும். ஆனால் அப்போர்வையில் எவருடைய நினைவும் இராது. கணினியின் படப்புள்ளிக்கு முன்வாழ்வு என்று ஒன்று இல்லை. துணித் துண்டுக்கோ உண்டு.

ஹார்மன் காட்டிய உண்மை இவ்விடத்தில் நமக்குத் துணை செய்கிறது. கண்டாங்கியின் இரு நிறங்களும் விலகி நின்று காண்போர் கண்ணில் கலந்து ஒரே ஒளியளவாகத் தோன்றும். பூப்போட்ட சட்டைத் துணியும் அவ்வாறே. ஆதலால் கோடும் பூவும் உள்ள துணிகளை விலக்கவேண்டியதில்லை. அவற்றின் சராசரி ஒளியளவை அறிந்து உரிய இடத்தில் வைத்தால் போதும். அருகில் வருவோர் அதே துண்டில் அது முன்பு இருந்த சேலையைக் கண்டுகொள்வர். மகதத்துச் சீவரத்தில் துண்டின் பழமை அழிந்தது. வங்கத்துக் காந்தாவில் அது நின்றது. கட்டச் சித்திரத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு இவ்வியல்பு புதிதன்று. சொந்த ஊரின் முழு உருவம் பலர்க்கு விலகி வந்தபிறகே தெரியத் தொடங்குகிறது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகத் தொகுப்பில் மானதாசுந்தரி என்னும் பெண் தம் தந்தைக்காகத் தைத்த காந்தா ஒன்று உண்டு. தம் கையால் அதைச் செய்தமையை அவர் துணியிலேயே நூலால் எழுதி வைத்தார். அதனால் அவர் பெயர் நூறாண்டுக்குப் பின்னும் நிற்கிறது. சீட்டி எழுதிய கைவினைஞர், தபால்தலைப் போர்வை தைத்த தாய்மார், கோதடி தைத்த பாட்டிமார் ஆகியோரில் மிகப் பலர்க்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. கந்தையையும் கசக்கிக் கட்டவேண்டும் என்று கற்பித்த நம் முன்னோர், தம் கைவேலைக்குக் கீழே பெயர் எழுதும் பழக்கத்தை நமக்குக் கற்பிக்கவில்லை.

பழைய துணி நிறைந்த பெட்டி ஒன்று நம் வீடுகளில் பெரும்பாலும் இருக்கும். குழந்தையின் முதற் சட்டையும் தாயின் பழஞ்சேலையும் அதில் கிடக்கும். அவற்றைக் கொண்டு ஒரு போர்வை தைக்க எண்ணுவோர், சிறியதொரு சித்திரத்தில் தொடங்கலாம். தைத்து முடித்ததும் அடித்துணியின் மூலையில் ஒரு வெள்ளைத் துண்டை வைத்து, தைத்தவர் பெயர், ஊர், ஆண்டு, எந்தெந்தத் துணி எவருடையது என்னும் விவரம் ஆகியவற்றை நூலால் எழுதிவிடவேண்டும். அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.